கயிறு எப்படி வேகமாகும்?

சில ஆண்டுகளுக்கு முன்பு பாய்மரக் கப்பல்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும் என்பதால் நள்ளிரவு தாண்டியும் வேலை ஓடியது. படியைப் பார்த்த ஆசிரியர் ஒரே பக்கத்தில் இரண்டு இடங்களைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பினார். முதல் சுழிக்குள் இருந்த என் வாக்கியம் இது: 'கப்பல் கரையை அடைந்ததும் கயிறு வேகமாக்கப்பட்டது.' இரண்டாவது சுழியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அது இதைவிட வெட்கக்கேடானது.

மூலத்தில் இருந்த தொடர் 'மேட் ஃபாஸ்ட்'. கயிற்றை அவிழாதபடி இறுகக் கட்டினார்கள் என்பதுதான் அதன் பொருள். 'ஃபாஸ்ட்' என்றால் வேகம் என்று பள்ளிக்கூடத்தில் பதிந்தது பதிந்தபடியே இருந்துவிட்டதால், தூக்கக் கலக்கத்தில் கை தானாகவே 'வேகம்' என்று எழுதிவிட்டது. அந்தக் கேள்விக்குறி என்னை அகராதிகளுக்குள் இழுத்துக்கொண்டு போனது. வேகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை பிறக்கும்போது வேகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பிறந்தவை என்பது தெரியவந்தது. வேகத்திற்கென்று தனியே ஒரு சொல்லைப் படைப்பதைவிட, உயிர், உறுதி, கால், தலை, வெற்றி என்று கைக்கு எட்டிய எதையாவது எடுத்து அதை ஓடவிடுவதே மொழிக்கு எளிதாக இருந்திருக்கிறது.

'ஃபாஸ்ட்' என்பதையே எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு அசையாதது, உறுதியானது என்று பொருள். அந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. விமானத்தில் இருக்கைப் பட்டையை 'ஃபாஸன்' செய்யச் சொல்வது இதே வேரிலிருந்துதான். 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் ஆழ்ந்த உறக்கம். விரைவாக உறங்குவது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. சாயம் போகாத துணியின் நிறத்தையும் 'ஃபாஸ்ட்' என்றுதான் சொல்கிறார்கள். நோன்பிருப்பதைக் குறிக்கும் 'ஃபாஸ்ட்' கூட, ஒரு நெறியை விடாமல் பற்றி நிற்பது என்ற கருத்திலிருந்து வந்ததே. அசையாமல் நிற்பதைக் குறித்த சொல் ஓடுவதைக் குறிக்கத் தொடங்கியது எப்படி என்றால், உறுதியாக ஒரு செயலைச் செய்வது வலுவாகச் செய்வதாகவும், வலுவாக ஓடுவது விடாமல் ஓடுவதாகவும், விடாமல் ஓடுவது விரைந்து ஓடுவதாகவும் சிறிது சிறிதாக நகர்ந்திருக்கிறது. ஒவ்வோர் அடியும் இயல்பானது. முதல் அடியையும் கடைசி அடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தலை சுற்றுகிறது.

இதைப் படித்தவுடன் ஆங்கிலத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு வந்தது உண்மை. பிறகு தொல்காப்பியத்தின் உரியியல் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. 'கடி' என்னும் சொல்லுக்குத் தொல்காப்பியர் 10 பொருள்களை அடுக்குகிறார். அவற்றுள் காப்பும் உண்டு, விரைவும் உண்டு. பகைவர் வெட்டிவிடாமல் காக்கப்பட்ட காவல் மரம் கடிமரம். மரமோ நின்ற இடத்தைவிட்டு நகராதது. அதே 'கடி'யிலிருந்து 'கடிது வந்தான்' என்றும் சொல்கிறோம். வன்மையைக் குறிக்கும் 'வல்' என்பதோடு உறவாடும் 'வல்லே' என்னும் சொல் பழைய பாடல்களில் விரைவைக் குறிக்கிறது. 'கடுமை'க்குப் பக்கத்திலேயே 'கடுகி வா' நிற்கிறது; இலங்கைத் தமிழர் விரைவு ரயிலைக் 'கடுகதி' என்று அழைக்கிறார்கள். ஆகவே வலிமையிலிருந்து வேகத்திற்குப் போகும் பாதையை ஆங்கிலம் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. நாமும் அதே வழியாகத்தான் நடந்திருக்கிறோம்.

'ஸ்பீட்' என்பதன் கதை சுருக்கமானது. பழைய ஆங்கிலத்தில் அது செழிப்பையும் வெற்றியையும் குறித்தது. பயணம் புறப்படுபவரை 'காட்ஸ்பீட்' என்று வாழ்த்துவதற்கு, கடவுள் உன் காரியத்தைக் கைகூடச் செய்யட்டும் என்று பொருளே தவிர, வண்டியை விரட்டிக்கொண்டு போ என்று பொருளில்லை. 'மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்' என்ற பழமொழி எனக்கு நீண்ட நாள் புதிராக இருந்தது. அவசரம் கூடினால் வேகம் எப்படிக் குறையும்? அங்கே 'ஸ்பீட்' என்பதற்கு வெற்றி என்று பொருள் வைத்துப் படித்தால், அது நம்முடைய 'பதறாத காரியம் சிதறாது' என்பதற்கு நேராக வந்து நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'குவிக்'. பழைய ஆங்கிலத்தில் இதற்கு 'உயிருள்ள' என்று பொருள். லத்தீனத்தின் 'விவுஸ்', கிரேக்கத்தின் 'பயோஸ்', சமஸ்கிருதத்தின் 'ஜீவ' ஆகியவற்றோடு இது ஒரே வேரிலிருந்து கிளைத்தது. அதாவது நாம் சீவன் என்று சொல்லும்போதும் ஆங்கிலேயர் 'குவிக்' என்று சொல்லும்போதும், வெகு தொலைவில் பிரிந்துபோன இரண்டு உடன்பிறப்புகளைத்தான் கூப்பிடுகிறோம். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'குவிக்' உள்ளோரும் மரித்தோரும் நியாயந்தீர்க்கப்படுவார்கள் என்று வரும் இடத்தில், விரைந்து ஓடித் தப்பியவர்களைப் பற்றிய பேச்சே இல்லை. உயிரோடு இருப்பவர்கள் என்பதே பொருள்.

இந்தப் பொருள் தெரிந்தால் பல முடிச்சுகள் அவிழும். பாதரசத்திற்கு ஆங்கிலத்தில் 'குவிக்சில்வர்' என்ற பெயரும் உண்டு. லத்தீனத்தில் அதை உயிருள்ள வெள்ளி என்று அழைத்ததன் நேர் பெயர்ப்பு அது. ஒரு துளியைத் தட்டில் விட்டு விரலால் தொடப்போனால், தொடுவதற்குள் பிளந்து, உருண்டு, விளிம்புக்கு ஓடி, மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும் அந்த உலோகத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. (ஆவி நஞ்சு என்பதால் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.) 'குவிக்லைம்' என்பதை விரைவுச் சுண்ணாம்பு என்று பெயர்த்துவிடக் கூடாது, தண்ணீர் பட்டதும் கொதித்துப் பொங்குவதால் உயிருள்ளதாகத் தோன்றிய சுட்ட சுண்ணாம்பு அது. ஆளை விழுங்குவதாக அஞ்சப்பட்ட புதைமணலுக்கும் அதே அடைமொழிதான். நகத்தை ஒட்ட வெட்டும்போது சுருக்கென்று வலிக்கும் சதைக்கும் ஆங்கிலத்தில் 'குவிக்' என்றே பெயர். செத்த நகத்திற்கு அடியில் உயிருள்ள பகுதி தொடங்குகிற இடம் அது. நாம் அதே இடத்திற்கு நகக்கண் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர்கள் அங்கே உயிரைப் பார்த்தார்கள், நாம் கண்ணைப் பார்த்தோம். வலியை இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம்.

உயிர் எப்படி வேகமானது என்பதை விளக்க 'குவிக்கனிங்' என்ற ஒரு சொல்லே போதும். கருவுற்ற பெண் தன் வயிற்றுக்குள் குழந்தையின் அசைவை முதன்முதலாக உணர்வதை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் 16 முதல் 20 வாரங்களுக்குள், உள்ளே ஏதோ சிறகடித்ததைப் போன்ற மெல்லிய துடிப்பாக அது தொடங்கும். அந்தத் துடிப்பு வரும்வரை சந்தேகத்தில் இருந்தது, வந்தவுடன் உயிர் என்று உறுதியாகிவிடும். அசைவதே உயிரின் அடையாளம் என்றால், மிகுதியாக அசைவது மிகுதியாக உயிரோடு இருப்பது. அங்கிருந்து வேகம் ஓர் எட்டுதான். வேகமே உயிர் என்று விளம்பரம் எழுதுபவர்கள் இந்தச் சொல்லைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

வேகத்தோடு பிறந்து வேகத்தை இழந்த சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. 'ஸூன்' என்பது பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்று பொருள்பட்டது. இன்று யாராவது 'ஸூன்' என்று பதில் எழுதினால் அது நாளையா அடுத்த மாதமா என்று சொல்ல முடியாது. 'பிரசண்ட்லி' என்பதும் ஒருகாலத்தில் 'இந்த நொடியே'. பிறகு 'சற்று நேரத்தில்' என்று தளர்ந்தது. 'அனான்' என்பதும் அப்படித்தான். இவற்றுள் மிகக் கொடிய எடுத்துக்காட்டு 'பை அண்ட் பை'. இன்றைய ஆங்கிலத்தில் அதற்குக் 'காலப்போக்கில்', 'மெல்ல மெல்ல' என்று பொருள். ஆனால் அதே 1611ஆம் ஆண்டு விவிலியத்தில் ஏரோதியாளின் மகள் மன்னனிடம் யோவானின் தலையைத் தட்டில் வைத்து 'பை அண்ட் பை' தரவேண்டும் என்று கேட்கிறாள். 'இப்போதே' என்று அவள் கேட்ட அந்தத் தலையை, இன்றைய வாசகன் 'வசதிப்படும்போது கொடுங்கள்' என்று கேட்டதாகப் படித்துவிடக்கூடும்.

சொற்கள் இப்படித் தளர்வதற்குக் காரணம் மனிதர்களின் வாக்குறுதிகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உடனே வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாமதமாக வருபவர்கள், தலைமுறை தலைமுறையாக அந்தச் சொல்லின் மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறார்கள். பிறகு புதிதாக ஒரு 'உடனே' தேவைப்படுகிறது. அதுவும் ஒருநாள் கரைகிறது. தமிழில் 'இதோ' என்ற சொல்லுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஆனால் நம் மொழியில் இன்னொரு வழியும் உண்டு. வராதவர் வந்ததாகவே சொல்லிவிடுவது! 'இதோ வந்துவிட்டேன்' என்று குரல் கொடுப்பவர் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். இதைப் பொய்க் கணக்கில் எழுத வேண்டியதில்லை. இதற்கு இலக்கண அனுமதியே இருக்கிறது. எதிர்காலத்திலும் நிகழ்காலத்திலும் நடக்கும் செயலை இறந்தகாலத்தில் வைத்துச் சொல்வது விரைவுப் பொருளைத் தரும் என்று தொல்காப்பியத்தின் வினையியல் கூறுகிறது. ஆங்கிலம் விரைவைக் காட்டச் சொல்லை மாற்றுகிறது. நாம் காலத்தையே மாற்றிவிடுகிறோம்.

காலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி வரும் 'எக்ஸ்பிடைட்' என்ற சொல்லின் லத்தீன மூலத்திற்கு, தளையிலிருந்து காலை விடுவிப்பது என்று பொருள். 'இம்பீட்' என்பது அதன் மறுபக்கம்: காலைத் தளையில் மாட்டுவது. நாமும் ஒரு வேலை தடைப்பட்டால் காலைக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்றுதான் குறைபட்டுக்கொள்கிறோம். கோப்பை 'எக்ஸ்பிடைட்' செய்யும்படி ஒரு காலத்தில் நான் எழுதிய நினைவூட்டல் கடிதங்களை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பின் கால்விலங்கைக் கழற்றும்படி கெஞ்சியிருக்கிறேன், விலங்கு மாட்டியவரிடமே.

அவசரப்பட்டு ஒன்றைச் செய்வதையும் ஒரு விளைவைத் திடீரென வரவழைப்பதையும் குறிக்கும் 'பிரெசிப்பிடேட்' என்பதில் இருப்பது தலை. தலை முன்னே போக, உடல் பின்னே வர, செங்குத்தான இடத்திலிருந்து விழுவது அதன் மூலப்படம். மலைச்சரிவைக் குறிக்கும் 'பிரெசிபிஸ்' அதன் உடன்பிறப்பு. வானத்திலிருந்து விழும் மழைக்கும் கரைசலிலிருந்து அடியில் படியும் வீழ்படிவுக்கும் ஆங்கில அறிவியலில் இதே சொல் வழங்குவதும் அதனால்தான். தமிழிலும் அவசரக்காரன் தலைதெறிக்க ஓடுகிறான், தலைகால் தெரியாமல் ஆடுகிறான். எந்த மொழியானாலும் வேகம் மிஞ்சினால் முதலில் ஆபத்துக்கு உள்ளாவது தலைதான் போலும்.

மற்றவற்றை விரைந்து கடக்கிறேன். 'ரேப்பிட்' என்பது லத்தீனத்தில் பறித்துக்கொள்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. இரையைப் பறிக்கும் பறவையான 'ராப்டர்' அதன் உறவு. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான் என்று நாம் சொல்வதிலும் ஒரு பிடித்தல் இருக்கிறது. துறுதுறுப்பைக் குறிக்கும் 'நிம்பிள்' என்பதும் மரத்துப்போனதைக் குறிக்கும் 'நம்' என்பதும் 'எடு' என்னும் ஒரே பழைய வினையின் பிள்ளைகள்; முதலாவது சட்டென எடுக்க வல்லது, இரண்டாவது உணர்வு எடுக்கப்பட்டுவிட்டது. காட்டாற்று வெள்ளத்தைக் குறிக்கும் 'டொரண்ட்' என்பதன் வேர் வறட்டுவதையும் எரிப்பதையும் குறித்தது. கொதித்துப் பொங்கும் நீர் என்ற படத்தின் வழியாக நெருப்பு வெள்ளமாகிவிட்டது. வாழ்க்கைத் தொழிலைக் குறிக்கும் 'கேரியர்' முதலில் பந்தயக் களம். பாடத்திட்டத்தைக் குறிக்கும் 'கரிக்குலம்' என்பதும் லத்தீனத்தில் ஓட்டமும் ஓட்டக்களமும்தான். படிப்பும் வேலையும் ஓட்டமாகிவிட்டன என்று புலம்புகிறவர்களிடம், அந்தச் சொற்கள் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் என்று சொல்லலாம்.

இயற்பியல் பாடத்தில் ஆங்கிலம் 'ஸ்பீட்', 'வெலாசிட்டி' என்று பிரிப்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வேகம், திசைவேகம் என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் முதலாவது கதி, இரண்டாவது வேகம். முடுக்கத்தை அங்கே ஆர்முடுகல் என்றும், வேகம் குறைவதை அமர்முடுகல் என்றும் சொல்கிறார்கள். பழகிய காதுக்கு முடுக்கமே எளிது என்றாலும், அமர்முடுகல் என்ற சொல்லைக் கேட்கும்போது ஒரு வண்டி மெல்லத் தணிந்து நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. அந்தச் சொல்லை இரவல் வாங்கிக்கொள்வதில் நமக்கு என்ன தயக்கம் என்று எனக்குப் புரிவதில்லை.

திடீர் மாற்றத்தைக் குறிக்கும் சொற்கள் இன்னும் விசித்திரமானவை. 'எக்ஸ்புளோட்' என்பதன் லத்தீன மூலம், மேடையில் சரியாக நடிக்காத நடிகரைக் கைதட்டி விரட்டுவது. பாராட்டைக் குறிக்கும் 'அப்பிளாஸ்' இதே கைதட்டலிலிருந்து வந்தது. ஒரே ஓசை ஒருவரை மேடையில் நிறுத்தி வைக்கிறது, மற்றொருவரை இறக்கிவிடுகிறது. பொய்யென்று தெளிவாகிவிட்ட கொள்கையை ஆங்கிலத்தில் இன்றும் 'எக்ஸ்புளோட்' செய்யப்பட்டது என்று சொல்வது அந்தப் பழைய விரட்டலின் மிச்சம். வெடிமருந்து பிறகுதான் வந்து சேர்ந்தது. பரபரப்பான நாளை 'ஹெக்டிக்' என்கிறோம். கிரேக்க மூலத்தில் அதற்கு 'வழக்கமான' என்று பொருள்! காசநோயாளிக்கு நாள்தோறும் வழக்கமாக ஏறி இறங்கும் காய்ச்சலை மருத்துவர்கள் அப்படி அழைத்தார்கள். அந்தக் காய்ச்சலில் கன்னம் சிவந்து உடல் தவிக்கும் நிலையிலிருந்து, 20ஆம் நூற்றாண்டில் அது அலுவலகப் பரபரப்புக்கு மாறியது.

ஒருவருடைய திடீர் உயர்வை 'மீட்டியோரிக்' என்று புகழ்வதைக் கேட்டால் எனக்குச் சற்றே கூச்சமாக இருக்கும். எரிகற்கள் நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்திற்குள் நுழைகின்றன என்பது உண்மை. ஆனால் அவை கீழ்நோக்கி வருகின்றன, பெரும்பாலும் எரிந்தும் போகின்றன. 'எக்ஸ்பொனென்ஷியல்' என்ற சொல்லைப் படுவேகம் என்ற பொருளில் வீசி எறிவது அதைவிட எரிச்சலூட்டும் பழக்கம். ஆண்டுக்கு 1 விழுக்காடு வளரும் ஒன்றும் அடுக்குக்குறி வளர்ச்சிதான். அது இரு மடங்காக ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆகும். இருப்பதன் அளவுக்கு ஏற்பக் கூடிக்கொண்டு போவது என்பதே அந்தச் சொல்லின் உயிர். தொடக்கத்தில் அது நத்தையைப் போல ஊர்வதால்தான் பலரும் அதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. 'விக்கி விக்கி' என்றால் மிக விரைவு. ஹொனலூலு விமான நிலையத்தில் முனையங்களுக்கிடையே ஓடிய பேருந்துக்கு அந்தப் பெயர் இருந்தது. அதை நினைவில் வைத்திருந்த வார்டு கன்னிங்காம், 1995இல் யாரும் உடனடியாகத் திருத்தக்கூடிய தம்முடைய இணையத்தளத்திற்கு அதையே சூட்டினார். இரட்டித்துச் சொன்னால் விரைவு கூடும் என்பது தமிழருக்குக் கற்பிக்க வேண்டிய பாடமில்லை. நம் இரட்டைக்கிளவிகள் வேகத்தோடு அதன் வகையையும் சொல்லிவிடும்: விலை கிடுகிடுவென ஏறும், வேலை மளமளவென முடியும், மாணவன் கடகடவென ஒப்பிப்பான், கோபித்துக்கொண்டவர் விறுவிறுவென வெளியேறுவார். இவற்றை இடம் மாற்றிப் போட முடியாது. கிடுகிடுவென ஒப்பிக்கும் மாணவனை நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்திலும் 'ஜிப்', 'ஜூம்', 'வூஷ்' என்று ஓசையிலிருந்து பிறந்த சொற்கள் உண்டு என்றாலும், இந்த நுணுக்கம் அவற்றில் குறைவு.

இனி அந்த இரண்டாவது சுழி. என் படியில் இருந்த வாக்கியம்: 'மாலுமிகள் மணிக்கொரு முறை பதிவேட்டைக் கடலில் எறிந்தார்கள்.' மூலத்தில் இருந்த சொல் 'லாக்'. பதிவேடு என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மணிக்கொரு பதிவேட்டைக் கடலில் எறிவதற்கு எத்தனை பதிவேடுகள் வேண்டும் என்றும் அந்த நள்ளிரவில் தோன்றவில்லை.

அது உண்மையில் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அறிய, அடியில் ஈயம் வைத்துக் கனமாக்கிய மரப்பலகை ஒன்றை நீண்ட கயிற்றில் கட்டிப் பின்புறமாகக் கடலில் இறக்குவார்கள். பலகை நீரில் செங்குத்தாக நின்றுகொள்ள, கப்பல் முன்னே நகர நகரக் கயிறு சுருளிலிருந்து அவிழ்ந்து போகும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒருவர் கயிற்றைக் கைக்குள் ஓடவிட, மற்றொருவர் 28 நொடி மணற்கடிகாரத்தைக் கவிழ்ப்பார். மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தனவோ, கப்பலின் வேகம் அத்தனை 'நாட்'. முடிச்சுக்கான ஆங்கிலச் சொல்லே வேகத்தின் அலகாகிவிட்டது. இன்றும் 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். கட்டையால் அளந்ததை எழுதிவைத்த ஏட்டுக்குக் கட்டையின் பெயரே வந்து சேர்ந்தது. பிறகு கப்பலில் நடந்த எல்லாவற்றையும் அதில் எழுதினார்கள். கணினிகள் வந்தபோது அவையும் தமக்கொரு 'லாக்' வைத்துக்கொண்டன. 1997இல் ஜோர்ன் பார்கர் இணையத்தில் எழுதிவைப்பதை 'வெப்லாக்' என்றார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அந்தச் சொல்லை விளையாட்டாகப் பிரித்து 'வி பிளாக்' (நாங்கள் பிளாக் எழுதுகிறோம்) என்று எழுத, 'பிளாக்' பிறந்தது. நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்த வகைக்கும் கடலில் மிதந்த அந்தப் பலகையின் பெயர்தான்.

திருத்திய படியை அன்று மாலையே ஆசிரியருக்கு அனுப்பினேன். 'மாலுமிகள் மணிக்கொரு முறை வேகமளக்கும் கட்டையைக் கடலில் இறக்கினார்கள்' என்றும், 'கப்பல் கரையை அடைந்ததும் கயிற்றை இறுகக் கட்டினார்கள்' என்றும் மாற்றியிருந்தேன். ஓரத்தில் எதுவும் எழுதாமல் அவர் அதை அச்சுக்கு அனுப்பிவிட்டார்.